பெயரைக் கேட்டால் பெயரைக் கொடுங்கள்!

பக்கத்து வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன் நம்பர் கேட்கிறார். நம்பரைக் கொடுக்காமல், எலக்ட்ரீஷியனுக்கே போன் போட்டு அவர் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் எப்படி இருக்கும்? "நம்பர்தானே சார் கேட்டேன்..." என்று தலையில் அடித்துக்கொள்வார். சில கம்ப்யூட்டர் மொழிகள் வருஷக்கணக்காக இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

விஷயம் இதுதான். வட்டிக் கணக்குப் போடும் ஒரு ஃபங்ஷன், பெயரும் 'வட்டி' என்றே வைத்துக்கொள்ளுங்கள். வட்டி(1000) என்று எழுதினால் அது ஓடி விடை தரவேண்டும். இதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் அதை இப்போது ஓட்டாமல், "பட்டியலில் உள்ள ஒவ்வொரு தொகைக்கும் இதைப் போடு" என்று இன்னொரு ஃபங்ஷன் கையில் கொடுக்கவேண்டுமென்றால்? பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் வெறுமனே 'வட்டி' போதும். அடைப்புக்குறி இருந்தால் அழைப்பு, இல்லாவிட்டால் பெயர். முடிந்தது கதை!

இப்போது ரூபி. அங்கே அடைப்புக்குறி இல்லாமல் பெயரை எழுதினாலே அழைப்புதான். படிக்க அழகாக இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அழகுக்கு ஒரு விலை இருக்கிறதே! ஃபங்ஷனை மட்டும் எடுக்க மெத்தட்(:வட்டி) என்று சுற்றி வளைக்கவேண்டும். எடுத்த பிறகு, அதைச் சாதாரணமாக அழைக்கவும் முடியாது. நடுவில் ஒரு புள்ளி வைத்து.(1000) என்று எழுதவேண்டும். இதைச் சுருக்க, 2.7-இன் முன்னோட்டப் பதிப்பில் '.:' என்று ஒரு குறியைக் கொண்டுவந்தார்கள். 2019 டிசம்பரில் இறுதிப் பதிப்பு வருவதற்குள் அதையும் தூக்கிவிட்டார்கள். அஸ்திவாரம் கோணல் என்றால் ஜன்னலை மாற்றி என்ன பயன்?

பிஹெச்பி கதை இன்னும் மோசம். பல வருஷம் ஃபங்ஷன் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு அனுப்பினார்கள். மேற்கோளுக்குள் போனால் அது வெறும் எழுத்துக்கூட்டம். 'வட்டி' கைதவறி 'வடடி' ஆனாலும் புரோகிராம் ஓடும்போதுதான் குட்டு உடையும். அதைவிட ஆபத்து, அந்த எழுத்துக்கள் வெளியாள் அனுப்பிய தகவலிலிருந்து வந்தால், எந்த ஃபங்ஷன் ஓடவேண்டும் என்பதை அந்த வெளியாளே முடிவு செய்துவிடலாம். 2021 நவம்பரில் வந்த 8.1-இல்தான் வட்டி(...) என்று எழுத வழி பிறந்தது. 1995-ல் பிறந்த மொழிக்கு 26 வருஷம்!

எதிர்த்தரப்பு கேட்கும்: "பைத்தானில் ஃபைலை மூடும் 'குளோஸ்'-க்கு அடைப்புக்குறி போட மறந்தால் சத்தமே இல்லாமல் ஒன்றும் நடக்காதே?" நியாயமான கேள்வி. ஆனால் மருந்து என்ன? பயனில்லாமல் நிற்கும் பெயரைப் பார்த்தால் எச்சரிப்பதுதான். சி கம்பைலர்கள் எச்சரிக்கைகளைப் போட்டுவைத்தால் அதைச் செய்கின்றன. ஒரு மறதிக்காக மொழியையே வளைக்கத் தேவையில்லை.

2014-ல் ஜாவா 8 கொண்டுவந்த '::' குறியை மட்டும் மன்னிக்கலாம். அங்கே ஒரே பெயரில் ஒரு மாறியும் ஒரு மெத்தடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். எது வேண்டுமென்று சொல்லியாகவேண்டும். அது தேவையிலிருந்து வந்த குறி.

இதெல்லாம் புரோகிராமர்கள் பிரச்சினை, பிகாம் படிப்பவர்களுக்கு எதற்கு என்கிறீர்களா? மைக்ரோசாஃப்ட் 365 எக்செல்லைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் கூட்டுத்தொகை வேண்டுமென்றால் முன்பு ஒரு லாம்டா எழுதி, அதற்குள் 'சம்'-ஐ அழைக்கவேண்டும். இப்போது 'பைரோ'-வுக்குள் வெறும் 'சம்' என்று பெயரைக் கொடுத்தாலே போதும். கணக்கெழுதுகிறவர் கைக்கே வந்துவிட்ட வசதி இது!

புதிதாக மொழி செய்கிறவர்கள் இந்த ஒன்றையாவது காதில் போட்டுக்கொள்ளட்டும்: பெயர் கேட்டால் பெயர், கூப்பிட்டால் மட்டும் ஆள் :-)