ராட்சதப் பன்றியின் பல் சொல்லும் கதை: புதைபடிவங்களுக்கு சட்டம் எப்போது?

'நரகப் பன்றி' வீடியோவை ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. வட அமெரிக்காவில் வாழ்ந்த அந்த விலங்கு பன்றிக் குடும்பமே இல்லை. நீர்யானைக்குத்தான் நெருங்கிய சொந்தம். அசல் ராட்சதப் பன்றி ஒன்று இந்தியாவிலேயே வாழ்ந்திருக்கிறது. பெயர், டெட்ராகோனோடான்.

எங்கே கிடைத்தது?

இமயமலை அடிவாரத்தில் உள்ள சிவாலிக் மலைத்தொடரில். 1830-களில் கால்வாய்ப் பொறியாளர் காட்லியும், சஹாரன்பூர் தாவரவியல் பூங்காவைக் கவனித்துவந்த ஃபால்கனரும் அங்கே ஏராளமான புதைபடிவங்களைச் சேகரித்தார்கள். காட்லியின் சேகரிப்பு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. டெட்ராகோனோடான் என்று ஃபால்கனர் வைத்த பெயர், அவர் இறந்து 3 ஆண்டுகள் கழித்து 1868-ல் அச்சில் வந்தது.

பெரிசுன்னு எப்படித் தெரியும்?

கிடைத்தவை பெரும்பாலும் தாடைத் துண்டுகளும் பற்களும்தான். சாதாரணப் பன்றிக்கு கடைசிக் கடைவாய்ப் பல்தான் பெரிது. இதற்கோ அதற்கு முன்னால் உள்ள பற்கள் பூதாகரமாக வீங்கியிருக்கின்றன. கெட்டியான உணவை நொறுக்கித் தின்றிருக்கலாம்.

வாழ்ந்த காலம், ஏறக்குறைய 1 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இதைப் பல் மட்டும் சொல்லிவிடாது. அது புதைந்திருந்த மண் அடுக்குதான் சொல்லும். எங்கே எடுத்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால், அந்தப் பல் வெறும் ஷோகேஸ் பொருள். அவ்வளவுதான்.

நமக்கு என்ன சம்பந்தம்?

ரெட்டியார்பாளையத்தில் பைக்கை எடுத்தால் சுமார் 30 கி.மீ. தூரத்தில் திருவக்கரை. சுமார் 2 கோடி ஆண்டு பழமையான கல்மரங்கள் அங்கே கிடக்கின்றன. தேசிய புவியியல் நினைவுச்சின்னம் என்பதால் வேலி இருக்கு, காவல் இருக்கு. வேலிக்கு வெளியே, நாடு முழுக்க மண்ணில் கிடப்பவற்றுக்கு?

கோயில், கோட்டைகளைக் காக்க 1958-லேயே மத்திய சட்டம் வந்துவிட்டது. புதைபடிவங்களையும் புவி மரபு இடங்களையும் காப்பதற்கான வரைவு மசோதாவை மத்திய சுரங்க அமைச்சகம் வெளியிட்டதோ 2022 டிசம்பரில்தான். எல்லா அதிகாரமும் இந்திய புவியியல் ஆய்வு மையத்திடமே குவிகிறது என்று விஞ்ஞானிகள் சிலர் எதிர்த்தார்கள். நியாயமான கவலை. பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் மாநிலங்களுக்கும் இடம் கொடுத்து மசோதாவைத் திருத்தலாம். அதைக் காரணம் காட்டி கிடப்பில் போடக் கூடாது. குவாரிக்கும் சாலைக்கும் தோண்டும் இயந்திரம் சட்டம் வரும்வரை காத்திருக்காது.

அதுவரை நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வித்தியாசமான எலும்போ கல்மரமோ கண்ணில் பட்டால் போட்டோ எடுங்க, லொகேஷனைக் குறிச்சுக்கோங்க, புவியியல் துறை உள்ள கல்லூரிக்குச் சொல்லுங்க. ஞாபகார்த்தமா வீட்டுக்கு மட்டும் எடுத்துட்டு வராதீங்க.