நாலு கை உள்ள ஒரு புரதம்

கால்சியம் என்றதும் பாலும் எலும்பும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அதில் தப்பில்லை. உடம்பிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. மிச்சமிருக்கும் ஒரு பங்குதான் தசையைச் சுருங்க வைக்கிறது; செல்லுக்குள் சேதியும் கொண்டுபோகிறது.

சேதி வந்தால் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே? அப்படி ஓர் ஆள், சென்ட்ரின் என்ற சின்னஞ்சிறு புரதம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, நடுவில் ஒரு மிளகைப் பிடிப்பதுபோல வைத்துப் பாருங்கள். சென்ட்ரின் கால்சியத்தைப் பிடிப்பது ஏறக்குறைய அப்படித்தான். இப்படி நாலு 'கை' அதற்கு உண்டு.

1984-ல் ஜெஃப்ரி சாலிஸ்பரி என்ற விஞ்ஞானியும் உடன் பணியாற்றியவர்களும் இதைக் கடல்வாழ் பச்சைப்பாசி ஒன்றில் கண்டார்கள். பிறகு பார்த்தால் ஈஸ்ட்டிலும் இதன் உறவு இருக்கிறது, மனிதனிலும் இருக்கிறது. நம் செல்லில் இது குடியிருக்கும் முக்கியமான இடம் சென்ட்ரோசோம். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைப் பங்கு பிரித்து இழுக்கும் நூல்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அதற்கு முன் அந்த மையமே இரண்டாக வேண்டும். ஈஸ்ட்டில் இந்தப் புரதம் பழுதானால், அதன் மையம் ஒன்றாகவே நின்றுவிடுகிறது.

'சரி, இதனால் நமக்கு என்ன?' என்கிறீர்களா? காலா அசார் என்கிற கருங்காய்ச்சலைப் பாருங்கள். மணல் ஈ கடித்துப் பரவும் நோய். வாரக்கணக்கில் காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், மெலிந்துபோகும் உடம்பு. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் மரணம்தான். இதன் கிருமியை 1903-ல் கண்டவர்கள் இருவர். ஒருவர் லீஷ்மன். இன்னொருவர் நம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் சார்லஸ் டோனோவன். இருவர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனோவனி' என்றே கிருமிக்குப் பெயர் வந்தது.

நோய்க்கு மருந்து உண்டு. மனிதர்களுக்கான தடுப்பூசிதான் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. இந்த இடத்தில்தான் சென்ட்ரின் உள்ளே வருகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் இந்தக் கிருமியிலிருந்து சென்ட்ரின் மரபணுவை நீக்கிவிட்டார்கள். ஈயின் வயிற்றில் இருக்கும் வடிவத்தில் அது வழக்கம்போல வளர்ந்தது. நம் உடம்புக்குள் எடுக்கும் வடிவத்திலோ, பிரியத் தொடங்கிப் பிரிய முடியாமல் திணறியது. ஒரே செல்லுக்குள் பல உட்கருக்கள் சேர்ந்து, கடைசியில் செத்தது.

உயிரோடு உள்ளே போகும், பெருகாது, நோயும் தராது. ஆனால் எதிரியின் முகத்தை நம் நோய் எதிர்ப்பு சக்திக்கு அடையாளம் காட்டிவிடும். இப்படிப்பட்ட கிருமியைச் செலுத்திய எலிகளுக்கும் ஹாம்ஸ்டர்களுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. 2020-ல், தோலைப் பாதிக்கும் லீஷ்மேனியா மேஜர் கிருமியிலும் 'கிரிஸ்பர்' முறையில் இதையே செய்து காட்டினார்கள்.

தடுப்பூசி வரும்போது வரட்டும். பீகார், ஜார்கண்ட் பக்கமிருந்து வந்து உங்கள் ஊரில் வேலை செய்கிறவர் யாருக்காவது காய்ச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், 'சாதாரணக் காய்ச்சல்தான்' என்று விட்டுவிடாதீர்கள். அவர் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். விரல் நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்திலேயே இதற்கான பரிசோதனையைச் செய்துவிடலாம்.