மாமா, அந்த டிராயர் சாவி எங்கே?



துபாயில் சின்னக் கடை நடத்தும் நம்மூர்க்காரரிடம் கேளுங்கள்: “பசங்க பாஸ்போர்ட் எங்கிட்டதான் பத்திரமா இருக்கு” என்பார். 2022 பிப்ரவரி 2இல் அமலுக்கு வந்த அமீரகத் தொழிலாளர் சட்டம் அதைத் தடை செய்கிறது. ஆள் எடுத்த செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பதும் சட்டவிரோதம். ஒரு வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு: முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அது முதலாளியின் தர்மம் இல்லை, அவர் பட்ட கடன்.

தொழிற்சங்கம் வைக்கவோ வேலைநிறுத்தம் செய்யவோ முடியாத நாட்டில், தொழிலாளி பிடித்துக்கொள்ள இந்தச் சட்டமாவது இருக்கிறது. கஃபாலாவை எதிர்த்து நாம் ஷேக்குகளைத் திட்டுகிறோம். மாமா கடை என்றதும் வாயை மூடிக்கொள்கிறோம். “நம்ம ஆளுதானே” என்பது சம்பளச் சீட்டு ஆகாது. அடுத்த தடவை போகும்போது கேட்டுப் பாருங்க: “மாமா, அந்த டிராயர் சாவி எங்கே?”