காதுகேளாப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் எங்கே?

தொடக்கப் பள்ளிகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2022-இல் மத்திய அரசு அளவு வகுத்தது. பணியிடங்களை அறிவித்து நிரப்பும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியதாயிற்று.

காதுகேளாத பிள்ளைக்குப் பாடம் நடத்த இரக்கம் மட்டும் போதாது. சைகை மொழி, பேச்சுப் பயிற்சி, செவிக்கருவியைக் கையாளுதல் ஆகியவற்றில் பழகியவர் தேவை. இதற்கென்றே பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இரண்டாண்டு டிப்ளமோவும், பட்டதாரிகளுக்குச் சிறப்புக் கல்வி பி.எட். படிப்பும் உள்ளன. படிப்புக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கீகாரம் இல்லாவிட்டால் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் சிறப்பு ஆசிரியராகப் பணியாற்றச் சட்டம் அனுமதிப்பதில்லை.

நம் வீடுகளில் பட்டம் முடித்த பெண்பிள்ளைகள் ஏராளம். பி.எட். என்றால் தமிழ், ஆங்கிலம், கணிதம் என்றே நினைக்கிறோம். ஜும்ஆ பயானில் இமாமின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவனுக்குப் பள்ளிப் பாடத்தோடு மார்க்கமும் எட்டாமல் போகிறது. அரசு பணியிடங்களை நிரப்பட்டும். அதற்குத் தகுதியானவர்களை நாமும் உருவாக்க வேண்டாமா? மருத்துவம், பொறியியலுக்கு உதவித்தொகை தரும் ஜமாஅத்கள் இந்த ஆண்டே இப்படிப்பையும் பட்டியலில் சேர்க்கலாம், இன்ஷா அல்லாஹ்.