நந்தி விலகியது, கதவு திறக்கவில்லை

2020 மே 4. ஊரடங்குக் காலம். மதுரை மீனாட்சி திருக்கல்யாணத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். பூண்டியில் எங்க வீட்டுக்குள்ள சிக்னல் எடுக்கல. பூண்டுக் காட்டு மேட்டுல ஏறி நின்னு, செல்போனை அம்மாவுக்குப் பிடிச்சேன். கன்னத்தில் போட்டுக்கொண்டே அம்மா சொன்னது: ‘இம்புட்டுப் பக்கத்துல சாமிய நான் பாத்ததே இல்லடா.’

அந்த வார்த்தை இன்னும் என்னை அறுக்கிறது. சாமி எல்லார் கையிலும் வந்துவிட்டாராம். இனிப் பக்தியில் சாதி இல்லையாம். தோழர்களே, இந்தக் கதை நமக்குப் புதுசா? திருப்புன்கூரில் நந்தனுக்காக நந்தி விலகியது என்கிறார்கள். நந்திதான் விலகியது. நந்தனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. வெளியே நின்றே பார்த்துவிட்டுப் போ என்பதற்குப் பார்ப்பனியம் வைத்த பெயர் அருள். முதல் நேரலை அதுதான். உள்ளே போக ஆசைப்பட்டபோது தில்லையில் அவனுக்கு வளர்த்தது தீ.

இன்றைக்கு மட்டும் என்ன வாழுது? தென்முடியனூரில் அறநிலையத் துறைக் கோயிலுக்குள் நம் சனம் நுழைய 2023 ஜனவரி 30 ஆனது, அதுவும் போலீஸ் காவலோடு. மேல்பாதியில் நுழைவுப் பிரச்சினை எழுந்ததும் அதே ஆண்டு ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அங்கெல்லாம் செல்போன் இல்லாமலா இருந்தது?

நான் வங்கிக் குமாஸ்தா. உண்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிய கியூஆர் கோடு சாதி கேட்காது, தெரியும். ஆனால் பல ஊர்களில் திருவிழா வரியைச் சேரியில் வாங்கமாட்டான். வாங்கினால் வடம் பிடிக்க உரிமை கேட்போம். முகம் தெரியாத காசு இனிக்குது. பங்கு கேட்கிற காசு கசக்குது.

கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அது கோலார் தங்கவயல் வரை போய் நம்மவர்களைப் பௌத்தத்தில் கூட்டியது. அடுத்தவன் கருவறையை அச்சடித்துக் காட்ட அவர் அச்சைக் கையிலெடுக்கவில்லை. நமக்கென்று ஒரு சங்கம் கட்ட எடுத்தார்.

நாம் என்ன செய்கிறோம்? காலையில் ராசிபலன், வெள்ளிக்கிழமை சாமி படம், பத்துப் பேருக்கு அனுப்பினால் புண்ணியம். 1956இல் நாகபுரியில் அம்பேத்கர் தந்த 22 உறுதிமொழிகளும் அதே செல்போனில்தான் கிடக்கின்றன. எத்தனை பேர் திறந்து பார்த்தோம்? வாசலில் மறிக்கிறவனைப் படம்பிடிக்கவும் அதே செல்போன்தான்.

அம்மா பார்த்த அந்தப் ‘பக்கம்’ நமக்குப் போதாது. கோயிலுக்குள் போவது நம் உரிமை. போவதா, அந்தச் சாமியே வேண்டாம் என்று திரும்புவதா என்பது நம் முடிவு. இந்த இரண்டையும் எந்தக் கம்பெனியும் செல்போனில் ஏற்றித் தராது.