காயலான் கடைக்குப் போக வேண்டியது எது?

பச்சைமலை அடிவாரத்து உப்பிலியபுரத்தில், நண்பர் வீட்டுப் பரணிலிருந்து அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்றை இறக்கினோம். “காயலான் கடைக்குத்தான் லாயக்கு” என்று கடைக்காரர் ஒருவர் தீர்ப்பளித்துவிட்டாராம். அவரை மட்டும் நொந்து பயனில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிவுற்றபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகளுக்கு இதே தீர்ப்புதான் கிடைத்தது.

இத்தீர்ப்பை நாங்கள் ஏற்கவில்லை. ஒரு நிறுவனம் விதித்த கெடுவை இயந்திரத்தின் ஆயுள் என்று நம்பும் நம் வழக்கத்தில்தான் பழுது இருக்கிறது.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அந்தக் கதவையும் திறந்து பார் என்று பிள்ளைகளிடம் சொன்னவர் எத்தனை பேர்? அண்டைக் கேரளமோ அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியையே லினக்ஸின்மீது எழுப்பிக் காட்டியது. நாம் மேடைகளில் தமிழ் வாழ்க என்றோம். வீட்டில் திருட்டுக் குறுந்தகடு வாங்கினோம்.

செய்ய வேண்டியதோ சிறிது. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதிலுள்ளவை அழிந்துபோகும், முன்பே எடுத்துவைக்க வேண்டும். லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்ற ஒன்றின் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் கொண்டு எழுத வேண்டும். வெறுமனே நகலெடுத்து ஒட்டினால் கணினி அதிலிருந்து எழாது. பிறகு, கணினியை முடுக்கியதும் பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தால், வன்தட்டைத் தொடாமலேயே இயங்குதளம் விரியும். பிடித்தால், பழைய கோப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டு நிறுவலாம், இல்லையேல் பிடுங்கிவிடலாம்.

“இது பொறியாளர் வேலை, இலக்கியவாதிக்கு எதற்கு?” என்பார்கள். 1959-இல் ‘எழுத்து’ தொடங்கிய சி.சு. செல்லப்பா, புத்தகம் விற்பது வியாபாரி வேலை என்று ஒதுங்கவில்லை. மூட்டையைத் தாமே சுமந்து ஊர் ஊராகப் போனார். நம் சட்டைப்பையில் கனக்காத ஒரு பென்டிரைவைச் சுமக்க நமக்கென்ன தயக்கம்?

அச்சக மென்பொருள்கள் சில லினக்ஸில் ஓடா என்பது மெய்தான். ஆனால் ஒரு கதையை எழுதவும் திருத்தவும் லிப்ரே ஆபீஸும் தமிழ்99 விசைப்பலகையும் போதும். இரண்டும் அங்கு இலவசம். பழைய எழுத்துருக் கோப்புகள் சிதறுகின்றன என்றால், அவற்றை இன்னும் ஒருங்குறிக்கு மாற்றாத சோம்பல் நம்முடையது.

அன்று மாலை, அதே மடிக்கணினியில், நண்பரின் மகள் தன் பெயரைத் தமிழில் தட்டினாள். காயலான் கடைக்குப் போக வேண்டியது எது என்று அப்போது எங்களுக்கு விளங்கிற்று.