நிலையச்சும் நம் வார்ப்படத் தொழிலும்

உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்து வேண்டிய உருவத்தைப் பெறுதல், மனிதன் கற்ற தொழில்களுள் மிகப் பழமை வாய்ந்தது. சாலொமோன் எழுப்பிய ஆலயத்திற்குரிய வெண்கலப் பணிமுட்டுக்கள் யோர்தானை அடுத்த சமவெளியில், சுக்கோத்துக்கும் சர்தானுக்கும் இடைப்பட்ட களிமண் நிலத்தில் வார்க்கப்பட்டன என்று வேதாகமம் கூறுகின்றது. காவிரிக் கரையிலுள்ள சுவாமிமலை ஸ்தபதியார் இன்றும் மெழுகினால் உருச்செய்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகின்றனர். வார்ப்பு ஆறியதும் மண்ணை உடைத்தெறிந்தே உருவத்தை வெளியில் எடுத்தல் வேண்டும். திருமேனி ஒன்றுக்கு அச்சும் ஒன்றே. அக்கலைக்கு அது பெருமை. ஆயின் ஒரே வடிவில் பதினாயிரம் உருப்படிகளை வேண்டி நிற்கும் யந்திரத் தொழிலுக்கு அது பெருஞ்சுமை.

நம் கோயம்புத்தூர்ப் பட்டறைகளிற் பெரும்பாலானவை மணலச்சினையே நம்பியுள்ளன. மரத்தாலோ உலோகத்தாலோ மாதிரி செய்து, பெட்டியிலிட்டு, களியும் ஈரமும் கலந்த மணலை அதன்மேற் கெட்டித்து, மாதிரியை எடுத்துவிட்டு, உண்டான குழியில் உலோகத்தை வார்ப்பதே அம்முறை. ஒவ்வொரு வார்ப்புக்கும் மணலைப் புதிதாய்க் கெட்டித்தல் வேண்டும். ஒவ்வொரு வார்ப்பின் பின்னும் அதை உடைத்தல் வேண்டும். இதற்கு மாறாக, அச்சினையே வார்ப்பிரும்பாலோ எஃகாலோ இரு பாதியாகச் செய்து, மூடி வார்த்துத் திறந்து எடுத்து, மீண்டும் மூடி வார்ப்பது மற்றொரு முறை. இதனை நிலையச்சு என்று கூறலாம். பட்டறையில் உள்ளோர் இதனை டை என்றும், உலோகம் தன் எடையாலேயே இறங்கி நிரம்பும் வகையைக் கிராவிட்டி டை காஸ்டிங் என்றும் வழங்குவர். நிலையச்சினைத் தாமே வகுத்துச் செய்யும் ஆற்றலை நம் நாட்டுப்புறத்துச் சிறு பட்டறைகளும் பெறல் வேண்டும் என்பதும், அவ்வாற்றலை வளர்ப்பதில் கல்லூரிகளுக்கும் பங்குண்டு என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

இம்முறை நேற்றுத் தோன்றியதென்று எண்ணற்க. சீன தேசத்தில் ஹபே மாகாணத்துச் சிங்லுங் என்னுமிடத்தில் 1953ஆம் ஆண்டு வார்ப்பிரும்பாலாகிய அச்சுக்கள் பல கண்டெடுக்கப்பட்டன. கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே கோடரியும் மண்வெட்டியும் அவற்றில் வார்க்கப்பட்டன. தமிழருக்கும் இது புதிதன்று. நாம் படிக்கும் அச்செழுத்தே நிலையச்சின் பிள்ளையன்றோ? எஃகு முளையில் எழுத்தைச் செதுக்கி, அதனைச் செம்பில் அறைந்து குழியெழுத்தாக்கி, அக்குழியை ஒரு கையச்சினுள் பொருத்தி, ஈயமும் வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்த உலோகத்தை வார்த்தே பழைய அச்சுக்கூடத்தார் எழுத்துக்களைப் பெற்றனர். ஒரு குழியினின்று ஆயிரக்கணக்கான 'க'கரம் பிறந்தது.

1578இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' அங்ஙனம் வார்த்த எழுத்துக்களாலேயே அச்சாயிற்று. 1706இல் தரங்கம்பாடி வந்திறங்கிய சீகன்பால்கு ஐயருக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழெழுத்துக்களை வார்த்து அனுப்பினர். அவை 1713இல் வந்து சேர்ந்தன. ஆயினும் அவை அளவிற் பெரியனவாயிருந்தமையால் காகிதத்தை மிகுதியாக விழுங்கின. பின்னர்த் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. புதிய ஏற்பாடு 1715இல் நிறைவெய்தியது. தொலைவிலிருந்து வந்த அச்சு நம் தேவைக்குப் பொருந்தவில்லை. தேவையை அறிந்தவர் அருகிலிருந்து செய்தபோதே அது பொருந்திற்று. இச்செய்தியை வாசகர் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

இனி நம் ஊரின் நிலையை நோக்குவோம். தொண்டாமுத்தூர் முதலாக மேற்கே மலையடிவாரம் வரையிலும் பாக்கும் தென்னையும் வாழையும் காய்கறியும் செழிப்பது கிணற்று நீரை நம்பியே. ஒரு காலத்தில் எருதுகள் கவலை இழுத்த அக்கிணறுகளுக்கு, 1932இல் பைக்காராவில் மின்சாரம் பிறந்தபின் யந்திரம் வந்தது. 1926இல் தோன்றிய பி.எஸ்.ஜி. தொழிற்கழகம் கைத்தொழிற் பயிற்சிக்கு வித்திட்டது. நம் நாட்டில் முதன்முதற் செய்யப்பெற்றதென்று போற்றப்படும் மின்மோட்டாரை 1937இல் ஜி.டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் இந்நகரில் ஆக்கினர். மோட்டாருக்கும் பம்புக்கும் உடல் வேண்டும். அவ்வுடல் வார்ப்படமாகவே கிடைக்கும். ஆதலின் உழவனுடைய கிணறே நம் வார்ப்படசாலைகளைப் பெற்றெடுத்தது என்று கூறுதல் மிகையாகாது. பஞ்சாலை யந்திரங்களும் மாவரைக்கும் கிரைண்டரும் மோட்டார் வண்டி உறுப்புக்களும் பின்னர் அவற்றை வளர்த்தன.

நிலையச்சினால் விளையும் பயன் யாது? முதலாவது விரைவு. மணலைக் கெட்டிக்கும் வேலை முற்றும் ஒழிகின்றது. அச்சின் இரும்பு மணலைவிட வெப்பத்தை விரைந்து உறிஞ்சுவதால் உலோகமும் விரைவில் உறைகின்றது. இரண்டாவது தரம். விரைந்து உறையும் உலோகத்தின் மணிகள் நுண்ணியனவாகின்றன. மணி நுணுகினால் வலிமை பெருகும். மூன்றாவது அளவின் ஒழுங்கு. முதல் உருப்படியும் ஆயிரமாவது உருப்படியும் ஏறக்குறைய ஒத்திருத்தலின் கடைசல் வேலை குறைகின்றது. அலுமினியத்தாலாகிய பிஸ்டன்கள் பெரும்பாலும் இம்முறையில் வார்க்கப்படுவதற்குக் காரணம் இதுவே.

எனினும் விரைவை விரும்பி ஏதோ ஓர் இரும்புப் பெட்டியைக் குடைந்துவிட்டால் நிலையச்சு ஆகிவிடாது. மணல் பொறுமையுடையது, இரும்பு பிழை பொறாதது. மணலச்சினுள் அடைபட்ட காற்று மணலின் இடுக்கு வழியே தானே வெளியேறும். இரும்பில் அதற்கு நுண்ணிய வழிகளை நாமே வகுத்தல் வேண்டும். உலோகம் சுருங்கும்போது மணல் நெகிழ்ந்து கொடுக்கும். இரும்பு நெகிழாது பற்றிக்கொள்ளும். உரிய காலத்தில் திறவாவிடின் வார்ப்பு வெடிக்கும். அலுமினியம் உறையும்போது கனத்தில் நூற்றுக்கு ஆறு பங்களவு சுருங்குகின்றது. அக்குறையை நிரப்ப மேலே உலோகத் தேக்கம் வைக்காவிடின் தடித்த இடத்தில் பொந்து விழும். உறைந்த பின்னும் அறையின் வெப்பத்திற்கு ஆறுவதற்குள் 100 மில்லிமீட்டர் நீளம் ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் குறைகின்றது. அதனையும் அச்சில் முன்னரே கூட்டல் வேண்டும். உருப்படி எளிதிற் கழலும்படி பக்கங்களுக்கு இரண்டு மூன்று பாகை சாய்வு தருதல் வேண்டும்.

அலுமினியம் 660 பாகை சென்டிகிரேடில் உருகுவது. குளிர்ந்த அச்சில் அதனை ஊற்றினால் அச்சு நிரம்புமுன்னரே உறைந்து மடிப்பு விழும். ஆகவே அச்சினை முன்னரே சூடாக்கி, வெப்பம் தாங்கும் பூச்சினை அதன் உட்புறத்திற் பூசுவர். பூச்சு எவ்விடத்தில் தடிக்க வேண்டும், எவ்விடத்தில் மெலிய வேண்டும் என்பதை அறிவதே கைதேர்ந்தவனுக்கு அடையாளம். மெல்லிய பகுதி முந்தியும், உலோகத் தேக்கத்தை அடுத்த பகுதி பிந்தியும் உறையுமாறு வெப்பத்தை நெறிப்படுத்துவதே இக்கலையின் உயிர்நிலை. மணலச்சில் நேர்ந்த பிழை ஓர் உருப்படியைக் கெடுக்கும். நிலையச்சை வகுத்தவன் செய்த பிழையோ அதிற் பிறக்கும் ஒவ்வோர் உருப்படியிலும் தவறாது தோன்றும். நல்லதைப் பெருக்கும் கருவி தீயதையும் அதே விரைவிற் பெருக்கும் என்பதை மறத்தலாகாது.

நிற்க. இதற்கு எதிராகக் கூறப்படும் தடைகள் மூன்று.

செலவு மிகுதி என்பது முதல் தடை. ஓர் அச்சுக்கு 1,00,000 ரூபாய் ஆயிற்றென்று வைத்துக்கொள்வோம். அதில் 100 உருப்படி வார்த்தால் ஒவ்வொன்றின் தலையிலும் 1,000 ரூபாய் ஏறும். 10,000 வார்த்தால் 10 ரூபாயே ஏறும். ஆதலின் பத்தும் இருபதுமாக வரும் வேலைக்கு மணலே தக்கது. அதனை மறுப்பார் இலர். தேவை தொடர்ந்து வரும் உருப்படிகளைத் தெரிந்தெடுத்து அவற்றுக்கே நிலையச்சைக் கொள்ளுதல் அறிவுடைமை.

நம் பட்டறைகள் பெரிதும் வார்ப்பது இரும்பையே, அஃது அச்சினை விரைவில் அழித்துவிடும் என்பது இரண்டாவது தடை. இதில் உண்மையுண்டு. வார்ப்பிரும்பின் வெப்பம் அலுமினியத்தினும் மிக்கது. அதனால் அச்சின் முகம் விரைவில் வெடிப்புறும். அன்றியும் விரைந்து குளிர்ந்த இரும்பு வெண்மையாகிக் கடைசலுக்கு ஒவ்வாத கடினம் பெறும். மீண்டும் சூடாக்கிப் பதம் செய்தல் வேண்டும். அசிட்டிலீன் புகைக்கரியை அச்சின் முகத்திற் படிய விட்டு இவ்விடரை ஓரளவு தணித்துச் சிறிய இரும்பு உருப்படிகளை மேல்நாட்டார் வார்த்துள்ளனர். ஆயினும் பெரிய பம்பு உடல்களுக்கு மணலே இன்றும் ஏற்றது என்பது என் கருத்து. அலுமினியத்தில் தொடங்கிப் படிப்படியாக முன்னேறுவதே முறை.

மூன்றாவது தடை, மோல்டரின் பிழைப்பு. இதுவே நெஞ்சை உறுத்துவது. மணலைக் கையால் தடவி அதன் ஈரத்தை அறியும் தொழிலாளி பல்லாண்டு உழைத்து அவ்வறிவைப் பெற்றவன். அவனை யந்திரம் துரத்துமாயின் அவ்வளர்ச்சியை நாம் வாழ்த்தல் தகுமோ? ஆயினும் மறுபுறத்தையும் காணல் வேண்டும். காய்ந்த மணலின் நுண்தூசி ஆண்டுக்கணக்காக நுரையீரலிற் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் மாறாத நோய் உண்டாகும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே அதனை அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோயாக வைத்திருந்தது. உள்ளூர் இளைஞர் பலர் இத்தொழிலை விட்டு விலக, பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் இன்று மணலைச் சுமக்கின்றனர். நம் பிள்ளைகளுக்கு வேண்டாமென்று நாம் ஒதுக்கிய தூசியைப் பிறர் பிள்ளைகள் சுவாசிப்பது நமக்கு அமைதி தரலாகாது. மணலைக் குறைத்தல் கருணையின்பாற்பட்ட செயலுமாகும். நிலையச்சிலும் உருகிய உலோகத்தின் வெம்மையும் அபாயமும் உள்ளன. ஆயின் மணற்றூசியின் பெரும்பகுதி நீங்கும். மோல்டரை வெளியேற்றாது, அச்சு வகுப்போருக்கு அருகில் அவனை அமர்த்துதல் வேண்டும். உலோகம் எங்கே ஒட்டும், எங்கே பொந்து விழும் என்பதைப் படம் வரைவோனைவிட அவனே முன்னர் அறிவான்.

இவ்வளவிற்கும் மேலாக ஒரு செய்தி உளது. வார்ப்படம் வாங்கும் பெரிய கம்பெனிகள் அச்சின் விலையைத் தாமே கொடுத்து அச்சைத் தமதாக்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அச்சு யாருடையதோ வேலையும் அவருடையது. விலையிற் சிறு பூசல் நேர்ந்தால் அச்சினை வண்டியிலேற்றி வேறு பட்டறைக்கு, வேறு மாநிலத்துக்கும், கொண்டுபோதல் அவர்க்கு எளிது. அச்சினைத் தானே வகுக்கவும் பழுது பார்க்கவும் திருத்தவும் அறிந்த பட்டறையை விட்டு விலகுதல் அவர்க்கு அத்துணை எளிதன்று. ஹாலேயிலிருந்து வந்த எழுத்தை நம்பியிருந்தவரையில் தரங்கம்பாடியார் காகிதத்திற்குத் தட்டுப்பட்டதை முன்னர்க் கண்டோம். ஊற்றுவதை மட்டும் கற்று, வகுப்பதைக் கல்லாத பட்டறை பிறர் கையின் அகப்பையாகவே இருக்கும்.

ஆதலின் செய்யத் தக்கன சில கூறுவேன். சிறு பட்டறையினர் பத்துப்பேர் கூடி ஒரு பொது அச்சுக்கூடம் நிறுவுதல் நன்று. ஒருவனால் வாங்க முடியாத யந்திரத்தைப் பதின்மர் வாங்கலாம். உலோகம் எவ்வாறு பாய்ந்து உறையும் என்பதைக் கணிப்பொறியில் முன்னரே கண்டு பிழை திருத்தும் வசதி இன்று உளது. அதனையும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். பொறியியற் கல்லூரிகள் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் இதனைக் கற்பியாமல், பக்கத்துப் பட்டறையில் உண்மையாய்த் தேவைப்படும் ஓர் அச்சை ஆண்டுக்கொன்றாயினும் மாணவர் கையால் முடிக்கச் செய்தல் வேண்டும்.

நம் கல்லூரி பொறியியற் கல்லூரியன்று, இதில் நமக்கு யாது பங்கு என்று கேட்பார் உளர். வெப்பம் பாய்வதைப் பௌதிக வகுப்பிலும், உலோகக் கலவையை ரசாயன வகுப்பிலும், முதலீட்டின் கணக்கைப் பொருளாதார வகுப்பிலும் நாம் படிக்கவில்லையா? அப்பாடங்கள் மூன்றும் ஒன்றுகூடி வேலை செய்யும் இடம் நம் மதிற்சுவருக்கு அப்பால் சிறிது தொலைவிலேயே புகைந்துகொண்டிருக்கின்றது. விடுமுறையில் ஒருநாள் ஏதேனும் ஒரு வார்ப்படசாலைக்குச் சென்று, உரிமையாளரையும் மோல்டரையும் ஒருங்கே வினவி, அவர்தம் இடர்களை எழுதி வருமாறு மாணவ நண்பர்களை வேண்டுகின்றேன். இத்தொழிலில் ஈடுபட்டுள்ள பழைய மாணவர் தம் பட்டறைக் கதவை அவர்கட்குத் திறந்துவிடுவாராக.

கோடையில் தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் பம்பு நின்றுவிட்டால் வாழை காத்திராது. அந்தப் பம்பின் உள்ளே ஒரு சிறு பொந்து இருந்ததா இல்லையா என்பது, அதனை வார்த்த அச்சினை வகுத்தவனுடைய அறிவையும் நேர்மையையும் பொறுத்தது. அவ்வறிவு நம் ஊரிலேயே, நம் இளைஞரிடத்திலேயே வளர்தல் வேண்டும்.